ஒரே பெஞ்ச், ஒரே நாலு தப்பு

சரியாக எழுதியதற்காக அழகுபாண்டியை யாரும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. அதற்கு அவன் வாய்ப்பே கொடுத்ததில்லை. இன்று தப்பாக எழுதியதற்காகப் பிடித்துவிட்டார்கள்.

திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையோரம் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் கேம்பஸ் இண்டர்வியூ. காலையில் எழுத்துத் தேர்வு. தேறிய பதினொரு பேரில் அழகுபாண்டியும் சத்யப்ரியாவும் உண்டு. ஆனால் இருவரும் ஒரே பெஞ்ச். இருவருக்கும் அதே நான்கு கேள்விகள் தப்பு, நான்கிலும் அதே தப்பு விடை.

"யாரோ ஒருத்தர் பார்த்து எழுதியிருக்கீங்க," என்றார் பிளேஸ்மென்ட் ஆபீசர் சிவராம். "யாருன்னு சொன்னா இன்னொருத்தர் இண்டர்வியூக்குப் போகலாம். இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

கம்பெனியிலிருந்து வந்திருந்த சுஷ்மா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. ஐந்தரைக்கு அவருக்கு விமானம்.

"நான் பார்க்கல சார்," என்றான் அழகுபாண்டி.

"நானும் பார்க்கல சார்," என்றாள் சத்யப்ரியா.

"அப்ப நாலு தப்பும் காத்துல பறந்து வந்துச்சாக்கும்."

சத்யப்ரியா உதடு அசையாமல் முணுமுணுத்தாள். "டேய், நீ ஒத்துக்க. உனக்கு உங்கப்பா உரக்கடை இருக்கு. எனக்கு இதை விட்டா தை மாசம் கல்யாணந்தான்."

"செய்யாததை எப்படி ஒத்துக்க?"

"அப்ப ஏதாச்சும் பேசு. பார்க்கல பார்க்கலன்னா எடுபடுமா?"

மேசைமேல் கிடந்த தன் தாளை அழகுபாண்டி எட்டிப் பார்த்தான். நான்கும் ஒரே வகைக் கேள்வி. ஓர் ஊரில் பாலம் கட்டினார்கள், விபத்து குறைந்தது, எனவே பாலம்தான் காரணம். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? அவன் டிக் அடித்திருந்தது, 'பாலம் காரணமில்லை.' மேடம் சிவப்பில் வட்டமிட்டிருந்த விடை, 'அந்த ஆண்டு முழுக்கச் சாலை மூடிக் கிடந்தது.'

இரண்டு விடைகளையும் மறுபடி படித்தான். முடிவைப் பார்த்து இல்லை இல்லை என்று கத்தினால் வாதம் அசையாது. அதே விளைவுக்கு வேறொரு காரணத்தைக் காட்ட வேண்டும். இவ்வளவு நேரம் அவன் 'பார்க்கல சார்' என்று சொன்னது ஐந்தாவது தப்பு விடை.

அந்த வேறொரு காரணம் எதிரேதான் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பில் அறுபது பேரையும் கோரஸாகச் சொல்ல வைத்தவர் சிவராம் சார்தான்: "முடிவுக்கு எதிரா எது நிக்குதோ, அதுக்குப் போடு டிக்கு." அடுத்து வரப்போகும் இரண்டு கம்பெனிகளுக்கும் மாணவர் பட்டியல் போடப்போகிறவரும் அவர்தான். கம்பெனிக்காரர் முன்னால் அவர் பெயரை எப்படி எடுப்பது?

"மேடம், முத்திருளன் பேப்பரைக் கொஞ்சம் பாருங்க," என்றான். "அவனும் தேறியிருக்கான். முதல் பெஞ்ச். நாங்க கடைசி."

"அவன் எதுக்கு இப்ப?" சாரின் குரல் ஏறியது.

"அவனுக்கும் இதே நாலு தப்பா இருந்தா, நாங்க பார்த்து எழுதுனோங்கிறது நிக்காதுல்ல சார்."

மேடம் விடைத்தாள் கட்டைப் பிரித்தார். அப்போதுதான் அழகுபாண்டிக்கு உறைத்தது. முத்திருளன் அந்த வகுப்பில் பாதி நேரம் தூங்குகிறவன். தூங்கியவன் சொந்தமாக யோசித்துச் சரியாக எழுதித் தொலைத்திருந்தால், இரண்டு பேர் கதையும் முடிந்தது.

மேடத்தின் விரல் தாளில் மெதுவாக இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

"இதே நாலு," என்றார். "இதே விடை."

இன்னொரு தாளை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"பதினொரு பேர்ல ஒன்பது பேர். யாரு சொல்லிக்கொடுத்தது இது?"

அழகுபாண்டி தரையைப் பார்த்தான். சத்யப்ரியா மின்விசிறியைப் பார்த்தாள். சிவராம் சார் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"நான்தான் மேடம்," என்றார். "மூணு வருசமா."

மேடம் மீதி இரண்டு தாள்களை எடுத்தார். "சரியா எழுதின அந்த ரெண்டு பேரு?"

"அவங்க என் கிளாசுக்கே வர்றதில்ல மேடம்."

மேடம் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு எழுந்தார். "இண்டர்வியூக்கு முதல்ல யார் வர்றீங்க?"

அழகுபாண்டி திரும்புவதற்குள் சத்யப்ரியா கதவைத் தாண்டியிருந்தாள்.