தோற்றவர் வாங்கும் டீ

"இனிமே நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்" என்று டாக்டரம்மா சிரித்தபடி சொன்னபோது, சமையல்காரர் சுருட்டிவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டிருந்தார். "ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டு இருபது வருஷமாச்சு. எதிர்ப்புச் சக்தி இன்னும் கெட்டியா நிக்குது. ஆராய்ச்சி முடிஞ்சது. இன்னிக்கு எடுத்த ரத்தத்தோட ரிசல்ட்டைப் போன்ல சொல்லிடுவோம்."

பக்கத்து நாற்காலியில் டெய்லரம்மா முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள்.

முதன்முதலில் இந்த அறைக்கு வந்தபோது இருவருக்கும் ஒரு நரைகூட இல்லை. ஊசியைக் கண்டதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்ள, "வெங்காய வாசம் வீசுற கை, இத்துனூண்டு ஊசிக்கு இப்படி நடுங்குதே!" என்று கேலி செய்தவள் அவள்தான்.

அதன்பிறகு வருடத்துக்கு ஒரு காலை. போன வருடம் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டை இந்த வருடம் வரும்போதுதான் சொல்வார்கள். எதிர்ப்புச் சக்தி யாருக்குக் குறைவோ, அவர் கேன்டீனில் டீ வாங்க வேண்டும். முதலில் மளமளவென்று இறங்கிய எண்கள் பிறகு அசையாமல் நின்றுவிட்டன. எப்போதும் தோற்றது அவர்தான். அந்த டீயோடுதான் அவள் கணவர் போய்ச் சேர்ந்த துக்கமும், தங்கைகளைக் கரையேற்றியதில் அவர் கல்யாண வயது ஓடிப்போன கதையும் கரைந்தன. வீடு எங்கே என்று மட்டும் அவர் கேட்டதில்லை. அடுத்த வருடம்தான் இருக்கிறதே என்ற தைரியம்.

இன்றும் தோற்று, டீ வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு எடுத்த ரத்தத்துக்கு யார் டீ வாங்குறதாம்?" என்றார், டம்ளரைப் பார்த்தபடியே.

"அதான் போன்ல சொல்வாங்களே."

"என்னோடதை எனக்குச் சொல்வாங்க. உங்களோடது எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் டீயை மெல்ல ஆற்றினாள். "இதைக் கேக்க இத்தனை வருஷமா? ஊசிக்கு மூடின கண்ணை நீங்க இன்னும் திறக்கலையா?"

கைப்பையைத் துழாவினாள். பேனா அகப்படவில்லை, துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டிதான் கிடைத்தது. அவருடைய நீலச் சட்டைக் கையை இழுத்து வைத்து, வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதினாள்.

"நேர்லயே வாங்க. போன்னா ஜெயிச்சுட்டேன்னு புளுகுவீங்க."

"நான் தோத்தா?"

"டீத்தூளோட வாங்க."

பஸ்ஸில் அந்தக் கையை யார்மீதும் உரசாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"ரத்தம் எடுத்தாங்களா அண்ணே? வலிக்குதா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமாம்பா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.