எண்பது வருஷத்துக்குக் கீழே

மிஸ்டர் கார்ஸ்வெல் மேலே போக வேண்டுமானால் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். காலடிச் சத்தமே இருக்காது. இருமினால்தான் ஆள் வந்திருப்பது தெரியும். எனக்கு அந்த மனிதரை முதல் நாளே பிடிக்கவில்லை. “நொரீனுக்கு யாரைத்தான் பிடிக்கும்?” என்று என்னைக் கேலி செய்து சிரித்தார் டெஸ்மண்ட்.

டெஸ்மண்டும் அவர் மனைவி ஹிலரியும் எனக்கு மேல்வீட்டுக்காரர்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இங்கிலாந்தின் ஹோவ் கடற்கரைத் தெருவில் எங்களுடையதைப் போன்ற பழைய கட்டடத்தில் காசு கொடுத்து வாங்குவது வீட்டை அல்ல, குத்தகைக் காலத்தை. மண்ணும் கூரையும் கார்ஸ்வெல்லுக்குச் சொந்தம். டெஸ்மண்டின் குத்தகையில் எண்பது வருஷத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை நீட்டிக்கிற விலை எகிறிவிடும். வீட்டை வாங்க வருகிறவருக்கு வங்கியும் கடன் தர யோசிக்கும்.

ஹிலரியின் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. கடைக்குப் போய் வந்தால் பாதிப் படியில் உட்கார்ந்து அழுவாள், நானே பார்த்திருக்கிறேன். குத்தகையை நீட்டித்து, வீட்டை விற்று, வொர்திங்கில் தங்கைக்குப் பக்கத்தில் படியே இல்லாத ஒரு சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டெஸ்மண்ட் வக்கீல் வைத்து முறையாக நோட்டீஸ் கொடுத்தார். கார்ஸ்வெல்லும் பதில் நோட்டீஸ் கொடுத்தார்: நீட்டிக்கச் சம்மதம், விலைதான் பேச வேண்டும். அதிலிருந்து அரை வருஷத்துக்குள் விலை படியாவிட்டால் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் எல்லாம் ரத்து. மறுபடி கேட்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். வக்கீல் பெண் இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கார்ஸ்வெல் அவர்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வர ஆரம்பித்தார். பெரும்பாலும் நானும் அங்கே இருப்பேன்.

“எதுக்கு டெஸ்மண்ட், வக்கீலுங்களுக்குக் கொட்டி அழணும்? நாமளே பேசி முடிச்சுக்க மாட்டோமா?” என்பார். ஹிலரியின் எலுமிச்சை கேக்கைப் புகழ்வார். விலையை மட்டும் பேச மாட்டார். ஒரு நாள் கையில் கோப்பையோடு எழுந்து, சுவரை உள்ளங்கையால் தடவி, “இதை இடிச்சா சமையலறை நல்லாப் பெருசாகும்,” என்றார். எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஹிலரி அவருக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள்.

கெடு நெருங்கியபோது கார்ஸ்வெல்லின் அம்மா இறந்துபோனாள். வக்கீல் ஃபோன் செய்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

“இந்த வாரமே மனுப் போட்டாகணுமாம்,” என்றார் டெஸ்மண்ட், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

“போடச் சொல்லுங்களேன்!” என்றேன்.

“அம்மாவைப் புதைக்கிற வாரத்துல அவர் மேல மனுவா? கொஞ்சமாவது ஈவிரக்கம் வேணாமா நொரீன்?”

“மனுவைப் போட்டுட்டுப் பூ அனுப்புங்க. யாரு வேணாம்னா?”

“எல்லாம் முடியட்டும், வந்து உக்காந்து பேசிரலாம்னு அவரே சொல்லியிருக்கார். துக்க வீட்டுல போய் நெருக்குறது நல்லாவா இருக்கும்?”

ஹிலரியைப் பார்த்தேன். “அதுவும் சரிதானே,” என்றாள் அவள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

காத்திருக்கும்படி வக்கீலிடம் சொல்லிவிட்டார் டெஸ்மண்ட். அனுதாப அட்டை ஒன்று வாங்கி வந்தார்கள். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா இறந்தது நிஜம்தான், விசாரித்துவிட்டேன். பொய்யாக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெற்றவளின் சாவையே ஒரு மனிதன் கெடுவைத் தாண்டவைக்க இப்படிப் பயன்படுத்துவான் என்றால் வேறு எதைத்தான் செய்ய மாட்டான்?

கெடு தாண்டிய மறுவாரம் கார்ஸ்வெல் வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அட்டைக்கு நன்றி சொன்னார். கண்கூட லேசாகக் கலங்கியது.

“அப்ப, விலையைப் பேசிரலாமா?” என்றார் டெஸ்மண்ட்.

“எந்த விலை? மனு ஒண்ணும் வரலையே. நீங்க வேணாம்னு விட்டுட்டீங்கன்னுல்ல நினைச்சேன்.”

“நீங்கதானே எல்லாம் முடியட்டும்னு...”

“என் துக்கத்தை மதிச்சீங்க. அதை மறக்கவே மாட்டேன். ஆனா கெடு போயிருச்சே டெஸ்மண்ட். அடுத்த வருஷம் நீங்க திரும்பக் கேக்கிறப்ப எண்பதுக்குக் கீழ போயிருக்கும். அந்த விலையை உங்களால தாங்க முடியாது.” கேக்கை மென்று விழுங்கினார். “ஒண்ணு செய்யலாம். வீட்டை இப்படியே எனக்கு வித்துருங்க. பெருசா ஒண்ணும் தர முடியாது. ஆனா நீங்க எங்கயும் போக வேணாம். வாடகை குடுத்துட்டு இங்கயே இருந்துக்கலாம், எத்தனை வருஷம் வேணும்னாலும்.”

மூன்றாவது மாடியில், அந்த முழங்கால்களோடு! அந்த ஆளைப் படியில் உருட்டிவிடலாம் போல் இருந்தது எனக்கு. டெஸ்மண்டின் முகம் வெளிறிப்போயிருந்தது. எழுந்தார். இப்போதாவது திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கறுப்புக் கோட்டை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி, மிஸ்டர் கார்ஸ்வெல். யோசிச்சுச் சொல்றோம். படி செங்குத்தா இருக்கு, பாத்துப் போங்க.”

அவர் போனதும் ஹிலரி நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“டெஸ்மண்ட், நீ இப்ப அவருக்கு நன்றியா சொன்னே?”

அவர் கதவின் கைப்பிடியை இன்னும் விடவில்லை.

“வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலையே ஹிலரி,” என்றார்.