நடக்காத தடம்

கடைக்காரர் மேசைமேல் மூன்று வழிகாட்டிக் கருவிகளை எடுத்து வைத்தார். எங்கே போகப் போகிறாள் என்று விசாரித்தார். டவர் எடுக்காத மலைக்கு, தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு, என்றாள் அவள்.

நில அளவை வேலைக்குப் போன கணவன் இன்னும் திரும்பவில்லை. ஆறு பெருகிப் பாலத்தை அடித்துக்கொண்டு போனதால் தேடப் போனவர்கள் பாதியில் வந்துவிட்டார்கள். தண்ணீர் வடியட்டும் என்கிறார்கள். சுற்றுவழியாக ஒரு மண்பாதை இருப்பதாகக் கேள்வி. சொந்தபந்தமெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் அழவில்லை. அவன் இடுப்பில் கட்டியிருக்கும் கருவி, இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அவள் போனுக்கு இன்னும் புள்ளிபுள்ளியாக அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறது.

கடைக்காரருக்கு விளக்கம் சொல்வதென்றால் கரும்பு தின்னக் கூலி. டவர் இல்லாவிட்டாலும் போனுக்குத் தான் இருக்கும் இடம் தெரியும், படம்தான் இறங்காது. கண்ணைக் கட்டிவிட்டவனுக்கு முகவரி தெரிந்து என்ன லாபம் என்றார். முதல் கருவியும் அந்த ரகம்தானாம். இரண்டாவதற்குத் தார்ரோடு தாண்டினால் உலகமே கிடையாது. மூன்றாவதில் மேடு பள்ளம், மண்பாதை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அவன் தடத்தையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஏற்றினார். சரிவில் நேராக ஏறிய கோடு, உச்சிக்குக் கீழே நூல்கண்டு சிக்கியது போலச் சுருண்டிருந்தது.

"பாருங்கண்ணே, அங்கேயேதான் சுத்தி வர்றார். போன் பேசினாக்கூட ஹாலை அளந்துடுவார். உட்காரவே தெரியாத மனுஷன்" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் ஆர்வமாகக் குனிந்து பார்த்தார். "இது நடை இல்லம்மா."

செயற்கைக்கோள் நேரத்தைத்தான் அனுப்புகிறது. அது வந்துசேர ஆன தாமதத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நடுவில் பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம். கருவி கிடந்த இடத்திலேயே கிடக்கும். புள்ளி மட்டும் அதைச் சுற்றி அலையும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னவர், ஜன்னலில் வைத்திருந்த இன்னொரு கருவியை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

"காலைலேர்ந்து யாரும் இதைத் தொடலை. பாருங்க."

அதன் திரையிலும் அதே சிக்கல்.

அதற்குப் பிறகுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கருவி எங்கேயாவது கழன்று விழுந்திருக்கும், வீட்டுக்காரர் இறங்கி வந்துகொண்டிருப்பார் என்று தடுமாறினார்.

விழ வழியில்லை. கழன்றுவிடக் கூடாதென்று இடுப்புப் பட்டையோடு சேர்த்து அதைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான், இரட்டை நூலில்.

வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். போனில் ஒரு புள்ளி புதிதாக வந்து விழுந்தது. முந்தியதற்கு இம்மி தள்ளி.

"மூணாவதையே குடுங்கண்ணே."

போய்ச் சேர வேண்டிய இடத்தை அதில் குறித்துக் கொடுப்பது அவர் வழக்கம். இப்போது கருவியை அவள் பக்கமே திருப்பி வைத்தார். அவளே சிக்கலின் நடுவில் விரலை வைத்து, எடுக்காமல் நின்றாள்.