குடம் முதலில், டிரம் பிறகு

2024ஆம் ஆண்டு அக்டோபர் இருபதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் ஏழு மணிக்குத் தண்ணீர் வரும். அதற்குள், களக்காட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான மூன்று ஏக்கரில், ஐப்பசியில் தொடங்கும் இந்தப் பிசானப் போகத்துக்கு என்ன பயிரிடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். நெல் என்றால், விதையை அன்று பகலுக்குள் ஊறப்போட வேண்டும்.

அங்கே பயிர் செய்பவள் மறைந்த என் தம்பியின் மனைவி மாரிசெல்வி. முந்தைய ஆண்டு மார்கழி வெள்ளம் நெல்லை அடித்துப்போனது. அதற்கும் முந்தைய ஆண்டு கதிர்விடும் நேரத்தில் குளம் வற்றியது. தப்பியதையும் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டான். இம்முறையும் பொய்த்தால், நிலத்தைச் செங்கல் சூளைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். சூளைக்காரன் தோண்டிய மண்ணில் பிறகு புல்லும் முளைக்காது.

குளத்து மடையில் பதினான்கு படிகள். பத்துப் படி மூழ்கியிருந்தால் மூன்று ஏக்கருக்கும் நெல் என்பது என் கணக்கு. மாரிசெல்வி வீடியோ அழைப்பில் குளத்தைக் காட்டியதும், கைப்பேசியை அருகில் இழுத்தேன்.

"கீழயிருந்து எண்ணு, செல்வி."

"கீழ உள்ளதெல்லாம் தண்ணிக்குள்ளல்லா கெடக்கு மதினி, எப்படி எண்ண? மேலயிருந்து எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

படம் அப்படியே நின்றது. என் மகன் பேச்சிராஜா கைப்பேசியைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தான்.

"...எட்டு. எட்டு தெரியுது மதினி."

"அப்போ ஆறுதான் முங்கியிருக்கு" என்றான் பேச்சிராஜா. "ரிஸ்க்கும்மா."

"ஐப்பசி மழை முழுசும் பாக்கியிருக்கு. மூணு ஏக்கருக்கும் நெல்ல ஊறப்போடு" என்றேன் நான்.

என் மருமகள் பிரேமலதா மாட்டுங்காவில் மதீனா பீவியின் வத்தல் கடையில் வேலை செய்கிறாள். குழாயடிக்குப் புறப்பட்டவள், இடுப்பில் குடத்துடன் வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, நேத்து எதிர்வீட்டுக்காரி டிரம்மை முதல்ல வச்சதுக்கு என்ன சொன்னிய?"

"தண்ணி எப்ப நிக்கும்னு தெரியாது, எல்லா வீட்டுக்கும் குடம் நெறஞ்ச பெறகுதான் டிரம்முன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

"நெல்லு டிரம்முல்லா அத்தை."

பேச்சிராஜா சிரித்துவிட்டான். "அம்மா, கேஸ் குளோஸ்."

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சந்தில் அந்த ஒழுங்கைக் காத்து வருபவள் நான். குழாயடிக்கு ஒரு நியாயம், வயலுக்கு ஒரு நியாயம் என்று என்னால் பேச முடியவில்லை.

"சரி. குடம் எது?"

"சீனியவரை. கொத்தவரங்காய்க்குக் கொஞ்சம் தண்ணி போதும். பச்சையாக் கொண்டுபோனாத்தான வியாபாரி வெலையக் கொறைப்பான்? வத்தல் போட்டா கெடாது. எங்க கடையில சீனியவரை வத்தல் வந்த அன்னைக்கே காலி. எவ்வளவுனாலும் அனுப்பச் சொல்லுன்னு மதீனாக்கா சொல்லிட்டாவ."

"மழையில வத்தல் எப்படிக் காயும், புள்ள?" என்று கைப்பேசியிலிருந்து மாரிசெல்வி கேட்டாள்.

"காய்க்கதே மார்கழிலதான. தை வெயில்ல போடுங்க."

"மேட்டு வயல்ல வெதைச்சா வெள்ளமும் நிக்காது" என்ற மாரிசெல்வி, எந்த வரப்பிலிருந்து தொடங்குவது, எந்தக் களத்தில் காயப்போடுவது என்று மளமளவென்று பேசிக்கொண்டே போனாள். இரண்டு ஆண்டுகளாக நான் கேளாத குரல் அது.

"சூளைக்காரன் வந்தா என்ன சொல்லுவ?"

"வத்தல் காயப்போடவே எடம் பத்தலன்னு சொல்லுதேன் மதினி."

வெளியே குழாய் இருமியது. பிரேமலதா ஓடினாள்.

எடுத்த முடிவு இது: இருக்கிற ஆறு படித் தண்ணீருக்கு மடையை ஒட்டிய ஒரு ஏக்கரில் மட்டும் நெல்; மேட்டு வயல் ஒரு ஏக்கரில் சீனியவரை; மூன்றாவது ஏக்கர் இப்போதைக்குத் தரிசு. கார்த்திகை முடிவில் பத்துப் படி மூழ்கியிருந்தால் அதில் உளுந்து விதைப்பது. வத்தல் முழுவதும் மாட்டுங்காவுக்கு வரும். நிலம் குத்தகைக்கு விடப்படாது.