போணிக்கை

ஜக்கையன் துணிக்கடையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் ஏறி நின்றது. அதற்குக் கீழே அவருடைய இரண்டு பாதங்கள் தெரிந்தன. சாம்பிராணிப் புகை ஷட்டருக்கு அடியில் வழிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. சாம்பிராணி போட்ட பிறகு கடையைத் திறக்காமல் நிற்கிறவர்கள் யாரும் கிடையாது.

"என்னண்ணே, ஷட்டர் சிக்கிக்கிருச்சா?" என்று மாயக்காள் குனிந்து கேட்டாள்.

பாதங்கள் ஓரடி பின்னால் போயின.

அவள் நடந்து போய்த் தன் வளையல் கடைப் பூட்டில் சாவியை நுழைத்தபோது, பின்னால் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. சாவியைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். சத்தம் ஓய்ந்த பிறகும் முதுகில் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது.

இதே ஜக்கையன்தான் முன்பெல்லாம் அவள் வருவதற்காகக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு யார் வந்தாலும் "செத்த பொறுங்க" என்று நிறுத்தி வைப்பார்.

போடியின் நடுக் கடைவீதியையும் அப்போது பஸ் நின்ற தெருவையும் இணைத்து, ஏலக்காய் வியாபாரி ஒருவர் மதுரையில் எங்கோ பார்த்துவிட்டு வந்து கட்டியது தகரப் பஜார். இரண்டு பக்கமும் கடைகள். நடுவில் சிமெண்டுத் தளம். மேலே தகரக் கூரை. வெளிச்சத்துக்காக இடையிடையே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். குரங்கணி மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் எஸ்டேட் ஆட்கள் மழையில் நனையாமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போவதற்குள் கை நிறையச் சாமான் சேர்ந்துவிடும்.

பஜார் திறந்த அன்று ஜக்கையன் கடையில் முதல் வியாபாரம், அதாவது போணி, மாயக்காளுடையது. ஒரு துண்டு வாங்கினாள். விளக்கு வைப்பதற்குள் அவருடைய அலமாரியில் துண்டே இல்லை. மலையில் போனஸ் போட்ட நாள் அது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் ஜக்கையன் அவளை அழைத்து, "ஒரு நூல்கண்டாவது வாங்கிட்டுப் போ தாயி" என்றார். அதற்கடுத்த நாள் பாத்திரக் கடைக்காரர் கூப்பிட்டார். பிறகு ஒவ்வொருவராக. அவள் கொடுக்கும் சில்லறையைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்கள். ஊக்கு, தீப்பெட்டி, நூல்கண்டு என்று அவள் வீட்டில் தேவைக்கு மேல் கிடந்தது. காலையில் அவள் பஜாருக்குள் நடந்து வருவதைப் பார்த்து, "தேரு வருது, வடம் புடிங்கப்பா" என்று எதிர்க்கடை ரெபேக்காள் கேலி செய்வாள். ரெபேக்காள் ரவிக்கை தைப்பவள். "எங்க வேதத்துல போணி கீணி எல்லாம் கெடையாது" என்பாள். சொல்லிவிட்டு, "சரி, இந்த ஹூக்கு அட்டைய எடுத்துக்க" என்று நீட்டவும் செய்வாள்.

அந்தப் பேர் வளையல் கடைக்கும் வந்தது. மாயக்காள் கையால் போட்டால் நல்லது என்று பிள்ளைத்தாச்சிகளைக் கூட்டிவந்தார்கள். வளைகாப்புகளுக்கு வீட்டுக்கே கூப்பிட்டுப் போனார்கள். தன் கைக்கு ஏதோ இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் குளிக்கும்போது மஞ்சளை வலது உள்ளங்கையில் சற்று அதிகமாகத் தேய்த்துக்கொள்வாள்.

பிறகு பஸ் ஸ்டாண்டை ஊரின் மறுபுறத்துக்கு மாற்றினார்கள். ஜீப்புகளும் அங்கே போய்விட்டன. எண்பத்து மூன்றில் மழை பொய்த்து மலையில் ஏலச்செடி கருகியது. இறங்கி வந்தவர்களும் அரிசி வாங்கவே பணம் போதாமல் திரும்பினார்கள். பாத்திரக் கடை முதலில் போயிற்று. அதன்பின் செருப்புக் கடை, பொரிகடலைக் கடை. கூரையின் கண்ணாடிகளை யாரும் துடைக்கவில்லை. நடுப்பகலிலேயே பஜாரின் நடுவில் மாலை நேர வெளிச்சம்தான் இருந்தது. பூட்டிய கடை ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டு, அவை அழுவது குழந்தை அழுவது போலக் கேட்டது. மாயக்காள் நடக்கும்போது பின்னால் யாரோ வருவது போல இருக்கும். நிற்பாள். அதுவும் நிற்கும். தன் காலடிதான் தகரத்தில் பட்டுத் திரும்புகிறது என்று தெரிந்தும் வேகமாக நடப்பாள்.

கடைக்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டு தெரியும், மழை தெரியும். ஆனால் பஸ் ஸ்டாண்டை யாரும் முறைத்துப் பார்க்க முடியாது. மழையிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. காலையில் முதலில் வந்து சில்லறையை நீட்டும் ஒரு கை மட்டும் கண்ணெதிரே இருந்தது.

அது அவளுக்கும் புரிந்தது. புரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. இத்தனை வருடம் நல்லதெல்லாம் என் கையால் என்று அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது சும்மாதானே இருந்தேன். இப்போது மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி அடுப்படியிலும் கிணற்றடியிலும் கூடவே வந்தது.

தை மாதத்தில் குரங்கணியிலிருந்து பொன்னுமணி என்ற பெண்ணின் சேதி வந்தது. மாயக்காள் போய் வளைகாப்புக்கு வளையல் அடுக்கிவிட்டு வந்த பெண். குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. சேதி சொன்ன ஜீப்காரன் மாயக்காளைப் பார்த்துச் சொல்லவில்லை. ரெபேக்காளைப் பார்த்துச் சொன்னான். மறுநாள் காலையில் மாயக்காள் ரெபேக்காள் கடையின் முன்னால் நின்றபோது, ரெபேக்காள் தலையைக் குனிந்துகொண்டு தையல் மெஷினை ஓட்டினாள். ஊசியில் நூல் கோத்திருக்கவில்லை. துணியும் இல்லை. வெறும் மெஷின் ஓடியது.

"ரெபேக்கா, ஹூக்கு அட்ட ஒண்ணு..."

"தீந்துபோச்சுக்கா." அவள் தலை நிமிரவில்லை. பின்னால் கண்ணாடி டப்பாவில் அட்டைகள் அடுக்கியிருந்தன.

அன்று ஷட்டருக்குக் கீழே பாதங்களைப் பார்த்தது இதற்குப் பிறகுதான்.

மாசி மாதம் ஜக்கையன் கடையைக் காலி செய்தார். கைவண்டியில் துணிக்கட்டுகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாயக்காள் தயக்கத்துடன் கிட்டே போனாள்.

"புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வரிசையாக் கட கட்டுறாகளாம்ல. எனக்கும் ஒண்ணு பேசிவிடுங்கண்ணே. சின்னதாப் போதும்."

ஜக்கையன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அவிழ்த்து மறுபடி போட்டார்.

"நாஞ் சொல்றேன்னு தப்பா நெனக்காத தாயி. எனக்கு ஒண்ணுமில்ல. அங்க நாலு கடக்காரங்க இருக்காக. புதுசா ஆரம்பிக்கிற எடம். அவுக மனசு சங்கடப்படக் கூடாதுல்ல?"

"என்னத்துக்குச் சங்கடம்?"

"நீ இங்கயே இருந்துக்கயேன். ஒன் கடைய யாரு கேக்கப் போறா?"

கைவண்டி கிளம்பியது. அவர் பேச்சில் கோபமில்லை என்பதுதான் அவளைக் கலக்கியது. நோய்க்காரரிடம் பேசுவது போல மெதுவாக, இரக்கத்தோடு பேசினார். இந்த இருட்டோடு சேர்த்து அவளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் புருஷன் வெள்ளைத்துரையிடம் சொன்னாள். அவனும் குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவன்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"ஏ கிறுக்கச்சி, இருவது வருசத்துக்கு மேல இந்தக் கையிலதான் தின்னுக்கிட்டிருக்கேன். மல ரோட்டுல ரெண்டு தடவ பிரேக்கு போச்சு. செத்தா போனேன்?"

"ரெண்டு தடவ பிரேக்கு போனது யாரால?"

விளையாட்டாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை. வெள்ளைத்துரை சிரிப்பை நிறுத்தினான். கையிலிருந்த உருண்டையை ஒரு கணம் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான். அந்த ஒரு கணத்தை அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பங்குனியில் மகள் சுருளியம்மாளுக்குப் புகுந்த வீட்டில், ராசிங்காபுரத்தில், வளைகாப்பு. தலைப்பிள்ளை. வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு போட்டு, அன்றைக்கே தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாயக்காள் சிவப்பும் பச்சையுமாகப் பார்த்துப் பார்த்து வளையல் எடுத்தாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சுற்றிக் கீறல் தேடினாள். எதிலும் கீறல் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தேடினாள்.

சம்பந்தியம்மாள் மொக்கம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வெரசா வா மதினி, நல்ல நேரம் முடியப் போகுது. போடியில ஊருக்கே போணி பண்ற கையாம்ல! மொத வளையல் நீதான் போடணும்."

"போணி ஆச்சுன்னா புள்ள வரிசையா வருமே, தாங்குவாளா ஒன் மருமக?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பஜார் பேச்சு இன்னும் ராசிங்காபுரத்துக்கு வரவில்லை என்று மாயக்காளுக்குத் தெரிந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வளையல் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சுருளியம்மாள் கைகளில் சந்தனம் பூசி மணையில் உட்கார்ந்திருந்தாள். தாயைப் பார்த்துச் சிரித்தாள். மாயக்காள் எதிரே உட்கார்ந்து மகளின் வலது கையை எடுத்தாள்.

எந்தக் கையையும் தொட்டவுடன் அவளுக்குத் தெரிந்துவிடும். நம்பி வந்த கை, விரல்களைக் குவித்ததும் தானாக மடங்கிக் கொடுக்கும். கட்டைவிரலின் அடி எலும்பு உள்ளே போகும். வளையல் நழுவி ஏறும். பயந்த கை அப்படியில்லை. முகம் எவ்வளவு சிரித்தாலும் அந்த எலும்பு கல்லாக நிற்கும். முதல்முறை ஊசி போட வந்த குழந்தையின் கை மாதிரி.

சுருளியம்மாளின் எலும்பு கல்லாக நின்றது.

மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள். மகள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் தாயின் விரல்களிலேயே நிலைத்திருந்தது. இவளுக்குத் தெரியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எவ்வளவு இறுகிய கையிலும் வளையல் ஏற்ற அவளுக்குத் தெரியும். கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் திருப்பினால் போதும். வளையலை விரல்களின் கணுவரை கொண்டுபோனாள். அங்கே நிறுத்தினாள். அழுத்தும்போது உடைந்தால்?

"கை வீங்கியிருக்கு மதினி. அளவு பிடிபடல எனக்கு. நீங்க போடுங்க."

"வளையக்காரிக்கே அளவு தெரியலையாக்கும்!" என்று யாரோ சிரித்தார்கள். மொக்கம்மாள் கொசுவத்தை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, அதே வளையலை வாங்கி, பேசிக்கொண்டே போட்டாள். வழவழவென்று ஏறிவிட்டது. மாயக்காள் எழுந்து கொல்லைப்புறம் போனாள்.

தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வளையல் சத்தம் கேட்டது. சுருளியம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆத்தா, நான் ஒண்ணும் நெனக்கல."

"யாரு சொன்னா?"

"ரெபேக்கா அத்த. போன மாசம் ரவிக்க வாங்கப் போனேன்ல. சாக்கிரதையா இருன்னாக." அழ ஆரம்பித்தாள். "நான் நம்பலத்தா. சத்தியமா நம்பல. கைதான் அப்பிடிப் பண்ணிருச்சு. நான் இல்ல, கைதான்."

மாயக்காள் ஈரக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது. துடைக்கவில்லை.

"இங்கயே இருந்துக்கிறியா? மதினிகிட்ட எதையாச்சும் சொல்லிக்கிறேன்."

சுருளியம்மாள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே பெண்கள் இலை போடும் சத்தம் கேட்டது.

"நீ பக்கத்துல இல்லாம எப்பிடிப் பெத்துக்கிறது? அதுவும் பயமாத்தான இருக்கு."

எது பெரிய பயம் என்று மகளே சொல்லட்டும் என்று மாயக்காள் காத்திருந்தாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பைய நீ எடுத்துக்க. கனமா இருக்கு" என்றாள்.

போடி பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். சுருளியம்மாள் ஜன்னலோரம். நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மாயக்காள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, பையின் வாரில் சுற்றி, பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இனிமேல் நடக்கப்போவதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், தாய்வீட்டுச் சோற்றைத் தின்றதால் என்பார்கள். நல்லபடியாகப் பிறந்தால், தாய் வளையல் போடாமல் தப்பித்ததால் என்பார்கள். பேரப்பிள்ளை ஓடியாடி வளர்ந்தால், ஒவ்வொரு அடியும் அவள் தொடாததற்குச் சாட்சி. எந்தப் பக்கம் போனாலும் தான் தப்பிக்க வழியில்லை. இதை யாரோ வந்து தன்மேல் பூட்டியதாகவும் சொல்ல முடியவில்லை. இன்று அந்த வளையலை மதினியிடம் நீட்டியது அவள் கைதான்.

வளைவில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் முழுவதும் முன்னால் சரிந்தது. முன்சீட்டுக் கம்பியில் மோதப்போன மகளின் வயிற்றுக்குக் குறுக்கே மாயக்காளின் கை போய் நின்றது. எப்போது பையிலிருந்து விடுபட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

சுருளியம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். சேலைக்கு அடியில், உள்ளங்கைக்கு நேராக, குழந்தை புரண்டது. கையைத் தேடி வருகிறதா, கையிலிருந்து விலகிப் போகிறதா என்று மாயக்காளுக்குத் தெரியவில்லை. எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு துடித்தது.

ஆடுகள் கடந்து முடிந்தன. பஸ் மறுபடி கிளம்பியது. முன்னால் ரோடு பள்ளமும் மேடுமாக, தார் பெயர்ந்து, போடி வரைக்கும் அப்படித்தான் கிடந்தது. மாயக்காள் கையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.