பேசினில் நீச்சல்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு திட்டிலிருந்து பிறந்தது. பத்திரிகையில் வந்திருந்த என் கதையைத் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் மூன்றாவது பத்தியை நனைத்துக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, உன் கதையில ஒருத்தர்கூட ஜெயிக்க மாட்டாங்களா? படிக்க ஆசைப்பட்டா படிப்பு நின்னுபோகுது. வேலைய விரும்பினா வேலை போயிடுது. உனக்கு என்னதான் பிரச்சினை?"

"அதான்டி வாழ்க்கை."

"யாரோட வாழ்க்கை? நானும் வேலை பாத்துதான் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். எங்க, ஒப்பாரி வைக்காம என்னை எழுது பாப்போம்."

எழுதுகிறேன். வீட்டில் அவளுக்கு வாத்து என்று பெயர்.* நீச்சல் குளத்தில் எல்லோருக்கும் கோச்.

(* குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டாள் என்பதால் அப்பா வைத்த பெயர். நடையைப் பார்த்து வைத்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த அடிக்குறிப்பை அவள் விட்டுவைத்ததே பெரிய விஷயம்.)

2

முதல் தொடக்கம்: "பொழுது புலராத வேளையில், உடல் நடுங்க, அந்த ஏழைப் பெண் குளத்தை நோக்கி—"

நிறுத்திவிட்டேன். அவள் நடுங்கியதில்லை. விசிலடித்துக்கொண்டே போவாள். நாங்கள் ஏழையும் இல்லை, வசதியும் இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக்.

இரண்டாவது தொடக்கம்: "அப்பாவால் முடியாமல் போனதால், அவள் தன் இளமையை—"

இதை அப்பாவே படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முடியாதுன்னு யார் சொன்னா? பாதி நான் கட்டினேன்ல? அதை எழுத மாட்டியா?"

சரி, நடந்ததை நடந்தபடி. வாத்து பள்ளி முடித்த கையோடு குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போனாள். குழந்தைகளுக்கு வேறு கோச்சுகள் இருந்தார்கள். தண்ணீரைக் கண்டாலே வியர்த்துப்போகும் பெரியவர்களைத்தான் அவளிடம் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு அதுவே பிடித்துப்போனது. மூட்டு வலிக்காரர்களும் முதுகு வலிக்காரர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் சுலபமாக நடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து சொன்னாள்: "தண்ணிக்குள்ள எல்லாரும் லேசாயிடறாங்கக்கா. அது ஏன்னு நான் முழுசா தெரிஞ்சுக்கணும்."

அதற்குப் பெயர் பிசியோதெரபி என்று கண்டுபிடித்தாள். அதற்கான ஃபீஸைக் கண்டுபிடித்தது அப்பா. பாதிக்கு மேல் தன்னால் ஆகாது என்றார். மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாக இவள் சொன்னாள். காலையில் குளம், பிறகு கல்லூரி, சாயங்காலம் மறுபடி குளம். இப்படி இரண்டு வருடம் ஓடியது.

3

மூன்றாம் வருடம் குளத்தின் அடித்தரையில் ஓடுகள் பெயர்ந்தன. தண்ணீரை இறக்கிவிட்டு, வேலை முடியச் சில மாதங்கள் ஆகும் என்று மேனேஜர் கையை விரித்தார். அவளுடைய பாதியைக் கட்ட வேண்டிய நாள் அதற்கு முன்பே வந்துவிடும்.

[இங்கே, "அன்றிரவு அவள் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை" என்று எழுதினேன். வாத்து அதன் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'நல்லா தூங்கினேன். நீதான் குறட்டை விட்டு எழுப்பின.']

கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். ஓர் ஆஸ்பத்திரி மீதி ஃபீஸ் முழுவதையும் கட்டிவிடும். படிப்பு முடிந்ததும் ஐந்து வருடம் அவர்கள் சொல்லும் பிரிவில் வேலை பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது இன்சூரன்ஸ் பிரிவில்.

"நல்ல ஏசி ரூம்மா. தண்ணியில ஊற வேண்டிய அவசியமே இல்ல" என்றார் முதல்வர்.

"மேடம், ஊறத்தான் படிக்கிறேன்" என்றாள் இவள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "நான் கடன் கேட்டுப் பாக்கறேன்."

"உங்க பாதிய நீங்க கட்டியாச்சுப்பா. இது என்னோடது."

"அப்பாகிட்டயே உன்னுது என்னுதுன்னு பேசறியா?"

"வீம்புக்குச் சொல்லலப்பா. இந்தக் குளத்த வச்சே இந்தப் படிப்ப முடிக்கணும்னு ஆசை."

"குளத்துல தண்ணியே இல்லையேம்மா!"

வாத்து எழுந்தாள். குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். வெளியே வந்தபோது முகத்தில் ஈரம் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்ம வீட்டுல பெரிய பேசின் எத்தனை இருக்கு?"

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய மாணவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசினோடு வந்து நின்றார்கள். நல்ல உடை உடுத்திய, குடும்பம் குட்டி உள்ள பெரிய மனிதர்கள். பால்கனிகளில் பார்வையாளர்கள் கூடிவிட்டார்கள்.

கூட்டத்தில் ஓங்குதாங்கான ஒரு லாரி டிரைவர் இருந்தார். மலைப்பாதைகளில் பாரம் ஏற்றிக்கொண்டு போகிறவர். குளத்தில் மட்டும் கரையோரக் கம்பியை விட்டுக் கையை எடுக்க மாட்டார். [இவரை நானே நம்பவில்லை. ஓங்குதாங்கான உடம்பும் தண்ணீர்ப் பயமும் சேர்ந்தால் கதைக்கென்று செய்த ஆள் போலத் தெரிகிறது. "அவர் உயரமே இல்லக்கா. நீதான் வளத்து விட்டிருக்க" என்கிறாள் வாத்து. அவரைக் குள்ளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.]

"கோச், குளம் இல்லாம நீச்சலா? இது வண்டியே இல்லாம ஸ்டியரிங் சுத்தற மாதிரில்ல இருக்கு!"

"அண்ணா, நீங்க குளத்துல இத்தனை நாள் நின்னதுல ஒருதடவையாவது மூஞ்சிய நனைச்சீங்களா? இங்க நனைங்க. பேசின்ல யாரும் மூழ்கினதில்ல."

பக்கத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லி, பயப்படாமல் மூச்சு விடுங்கள் என்று சொல்கிறவர். பேசினுக்குள் முகத்தை வைத்த வேகத்தில் வெளியே எடுத்து, "இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேனா?" என்று கேட்டார். கார் நிறுத்துமிடமே சிரித்தது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை மெதுவாக விட வேண்டும். வாத்து ஒவ்வொருவர் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, முதுகில் கை வைத்து, "விடுங்க... விடுங்க... அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனாள். வரிசையாகக் குமிழிகள் எழுந்தன. பிறகு பெஞ்சில் குப்புறப் படுத்துக் கால் உதைக்கும் பாடம். ஒரு காரின் மீது செருப்பு பறந்தது.

குளம் இல்லாததால் பாதிச் சம்பளம் தந்தால் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். மாதம் முடிந்ததும் லாரி டிரைவர் முழுதாகக் கொடுத்தார்.

"பாதிதான் அண்ணா."

"தண்ணிதான் கொறைச்சல் கோச். பாடம் கொறையலயே."

மற்றவர்களும் அப்படியே கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த பால்கனிகளிலிருந்தும் சிலர் பேசினோடு இறங்கி வந்தார்கள்.

கடைசி நாளுக்கு முன்பே கல்லூரிக் கவுண்ட்டருக்குப் போனோம். அப்பாவும் விடுப்புப் போட்டுக் கூட வந்தார். கவுண்ட்டரில் இருந்தவர் வழக்கம்போல அப்பாவைப் பார்த்து, "கட்டறது நீங்களா சார்?" என்றார்.

அப்பா ஓரடி விலகி நின்று வாத்தைக் காட்டினார். "இல்லீங்க. அவங்க."

பிறந்த நாளிலிருந்து 'வாடி போடி' என்று அழைத்த மகளை அப்பா 'அவங்க' என்று சொன்னார். வாத்து ரசீதை வாங்கும்போது காது இரண்டும் சிவந்திருந்தன.

5

குளம் திறந்த முதல் நாள் நானும் போனேன். அவள் தண்ணீரில் இறங்கி வேலை செய்வதை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

லாரி டிரைவர் மல்லாந்து படுத்தார். ஒரு கை கம்பியில். வாத்தின் கை அவர் முதுகுக்கு அடியில். "விடுங்க... அவசரமே இல்ல." கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது. அவர் கண்களை இறுக மூடியிருந்தார். அதனால் அவருக்குத் தெரியாத ஒன்றை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வாத்து தன் கையை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள்.

"கோச், விட்டுடாதீங்க!"

"கண்ணத் திறந்து பாருங்கண்ணா."

திறந்தார். தன் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்ற கோச்சைப் பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் மேனேஜர் அறையைவிட்டு ஓடி வந்தார்.

["என் கண்கள் கலங்கின" என்ற வாக்கியம் இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். கலங்கவில்லை. நெஞ்சு விரிந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரைப் பிடித்து, "என் தங்கச்சிங்க" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.]

6

மீதி வருடங்களும் குளமும் கல்லூரியுமாக ஓடின. போன வாரம் அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். கதைக்கு ஒரு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளுக்கு பிசியோதெரபி வேலை தருகிறது. நல்ல சம்பளம். ஆனால் முழுநேர வேலை, குளத்துக்குப் போக முடியாது.

முடிவு இரண்டு: மேனேஜர் குளத்தின் ஆழமில்லாத மூலையை அவளிடம் விடுகிறார். பக்கவாதம் வந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் அங்கே மறுபடி நடக்கப் பழகலாம். சம்பளம் வருமா என்பதை வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டுமே கற்பனை இல்லை. இரண்டு பேரும் நேற்று கேட்டார்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

"நான் எதை எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"எதையும் எழுதாதே. நீ எழுதிட்டா அப்பா அதையே பிடிச்சுக்குவாரு" என்று சொல்லிவிட்டு, விசிலடித்தபடி குளத்துக்குப் போய்விட்டாள்.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் விடுகிறேன். எதை எடுத்தாலும் அவள் தலைநிமிர்ந்து நடக்கும்படி எழுதுவது உங்கள் பொறுப்பு. என்னால் இனி ஒரு வரிகூட முடியாது. எனக்கு நீச்சல் தெரியாது. இன்று என் முதல் வகுப்பு, நேரமாகிவிட்டது. தாமதமாக வருகிறவர்களைக் கோச் தண்ணீரில் இறக்குவதில்லை. கூடப்பிறந்தவள் என்று சலுகை கேட்டுப் பார்த்தேன்.

"பேசின் எடுத்துட்டு வா" என்றாள்.