டிப்ளாய் பட்டன் திறப்பு விழா

எங்கள் சபையில் போர்வெல் போட்டாலும் ஜெபம் உண்டு, மைக் செட் வாங்கினாலும் ஜெபம் உண்டு. ஆகவே இலவசக் கண் முகாமுக்குப் பெயர் பதியும் செயலியை வீட்டிலிருந்தபடியே ஏற்றிவிடுகிறேன் என்று நான் சொன்னதைச் செயலாளர் வேதமுத்து அண்ணாச்சி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டைச் சபை மண்டபத்தில் திரை கட்டி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இன்பமணி சார் கையால் பட்டனை அமுக்குவது என்று முடிவானது.

முகாமில் நாற்பது பேருக்குத்தான் புரை ஆப்பரேஷன். போன வருடம் காகிதத்தில் பெயர் எழுதினார்கள். அதில் முப்பத்தெட்டாவதாக இருந்த முத்துராணி அக்கா, பட்டியல் டைப் ஆகி வந்தபோது நாற்பத்துமூன்றாவது ஆகிவிட்டார். நடுவில் நுழைந்த ஐந்து பேரும் கமிட்டிக்குச் சொந்தம். அக்காவுக்கு ஆழ்வார்குறிச்சியில் வயல் வேலை. இப்போது வலது கண்ணில் புரை முற்றி, இடது கண்ணும் மங்கல். களை என்று நாற்றைப் பிடுங்கிவிடுகிறார் என்று யாரும் வேலைக்கு அழைப்பதில்லை. செயலியில் முந்துகிறவருக்குத்தான் இடம், யாரும் நடுவில் நுழைய முடியாது என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நம்பி முதல் பஸ்ஸில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

செயலியை ஜிப் கோப்பாகப் பொட்டலம் கட்டி, கிளவுட் கம்பெனியின் கன்சோலில், அதாவது அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்தில், ஏற்றி வைத்திருந்தேன். செயலியை இணையத்தில் ஓடவிடும் டிப்ளாய் என்ற நீலப் பட்டனை அமுக்குவதுதான் பாக்கி. பதிகிற பெயர்கள் சேரும் கோப்பையும் அதே பொட்டலத்துக்குள் காலியாக வைத்திருந்தேன். அதாவது, பட்டனை இன்னொரு முறை அமுக்கினால் சேர்ந்த பெயர்கள் போய்க் காலிக் கோப்பு வந்து உட்காரும். சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே பட்டனை எவன் இரண்டு முறை அமுக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

ஜெபம் நீண்டதில் கன்சோல் என்னை வெளியே தள்ளியிருந்தது. கடவுச்சொல் போட்டு மறுபடி நுழைந்தேன். இன்பமணி சார் அமுக்கினார். நான்கு நிமிடத்தில் பச்சை டிக் வந்தது. வேதமுத்து அண்ணாச்சி லிங்க்கை வாட்ஸப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தபோதே முத்துராணி அக்காவின் பெயரை அடித்துவிட்டேன்.

"எத்தனாவது தம்பி?"

"ஒண்ணுக்கா."

அப்போது ஸ்டூடியோ தாஜ் முகம்மது அண்ணாச்சி கேமராவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சார் அமுக்கும்போது கண்ணை மூடிட்டாவ."

எங்கள் ஊரில் ரிப்பன் வெட்டும் படம் சரியாக விழாவிட்டால், ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டுவார்கள்.

"ஏலே கிங்ஸ்டன், சார் இன்னொரு மட்டம் அமுக்கட்டும்" என்றார் வேதமுத்து அண்ணாச்சி.

"அமுக்குனா பேரெல்லாம் அழிஞ்சிரும் அண்ணாச்சி. சும்மா அமுக்குத மாதிரி நிக்கச் சொல்லுங்க."

"ஜெபம் பண்ணுன காரியத்துல நடிக்கச் சொல்லுதியாலே?"

அதற்குள் சார் அமுக்கியே விட்டார்.

நான்கு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். டிக் வந்து நான் கீபோர்டுக்குக் குனிந்த நேரம் பார்த்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கையைப் பிடித்து இழுத்து, முகத்தைத் திருப்பி, நான்கு பேரோடு நிற்கவைத்துப் படம். திரும்பி வந்தபோது மண்டபத்து செல்போன்களிலிருந்தே நாற்பது இடமும் நிரம்பியிருந்தது. மூன்றாவது பெயர் வேதமுத்து அண்ணாச்சியின் சகலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பொன்னாடையைக் கிழித்திருப்பேன். நைலான், கிழியவில்லை.

"நாப்பத்தொண்ணுக்கா" என்றேன்.

"பரவால்ல தம்பி. போன வருசத்துக்கு ரெண்டு முன்னாலதான்."

அந்தப் 'பரவால்ல' எனக்குத் தாங்கவில்லை. நேராகத் தாஜ் முகம்மது அண்ணாச்சியிடம் போனேன்.

"ரெண்டாவது படம் எப்படி அண்ணாச்சி?"

"அருமையா விழுந்துருக்கு. கண்ணு நல்லாத் தெறந்துருக்காவ."

"மூடியிருக்காவன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முத்துராணி அக்காவைப் பார்த்தார். அக்கா பஸ் டிக்கெட்டை இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, திரும்பிப் போகக் காசு மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தாஜ் முகம்மது அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"சார், மறுபடியும் மூடிட்டீயளே."

மூன்றாம் முறை அமுக்கியபோது நான் கீபோர்டை விட்டு அசையவில்லை. மாலை ஒன்று கொண்டுவந்தார்கள். கழுத்தை மட்டும் நீட்டினேன். டிக் வந்தது, அக்கா பெயர் விழுந்தது, எண் ஒன்று. உடனே கன்சோலிலிருந்து வெளியேறினேன்; இனி என் கடவுச்சொல் இல்லாமல் யாரும் அமுக்க முடியாது. சகலைக்கு இந்த முறை நாற்பத்துநான்கு. செய்தது சரியா என்று கேட்டால் தெரியாது. சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது படம் நல்ல படம் என்று இனிமேல் சொல்ல முடியாதே. ஆகவே மூன்றாவதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள். சபையார் ஞாயிறுதோறும் அதைப் பார்த்து, படம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். இன்பமணி சாரும் அப்படித்தான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து முத்துராணி அக்கா ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு என்னைத் தேடி மண்டபத்துக்கு வந்தார். நடவுக்குப் போகிறாராம். பழத்தைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் படத்துல சார் கண்ண மூடியிருக்காவளே" என்றார்.